ரைசர் போடலாம், முதல்ல கேபிளை அளந்து பாருங்க

நம்ம டூவீலர் பார்க்கிங்ல ஒரு ரவுண்டு நடந்து பாருங்க. வரிசைக்கு ஒரு பைக்காவது பக்கத்துல நிக்கிற பைக்கை விடக் கொஞ்சம் நிமிர்ந்து நிக்கும். கிட்டப் போய்ப் பார்த்தா, ஹேண்டில்பாரைப் பிடிச்சிருக்கிற கிளாம்ப்புக்கு அடியில கறுப்பு, சிவப்பு, இல்லன்னா தங்க நிறத்துல ரெண்டு அலுமினியத் துண்டு இருக்கும். அதுக்குப் பேர்தான் ரைசர். ஹேண்டில்பாரை 20 அல்லது 30 மில்லிமீட்டர், சிலது 50 மில்லிமீட்டர் வரைக்கும்கூட மேல தூக்கிக் கொடுக்கும்.

இதுல நம்ம ஆளுங்க ரெண்டு கட்சி. ஒரு கட்சிக்கு ரைசர்னா ஸ்டைல், கம்ஃபர்ட், "லாங் ரைடுக்கு மஸ்ட் மச்சி". இன்னொரு கட்சியில பெரும்பாலும் அப்பாக்களும் சில பேராசிரியர்களும் இருப்பாங்க. அவங்களுக்குக் கம்பெனி கொடுத்ததைத் தொட்டாலே குத்தம். நான் ரெண்டுலயும் இல்ல. ரைசர் நல்ல சாமான்தான். தேவைப்படுற ஆளுக்குச் சரியான உயரத்துல சரியா மாட்டினா, அது பாதுகாப்பைக் கூட்டவே செய்யும். ஆனா "பத்து நிமிஷ வேலை"ன்னு சொல்லி விக்கிறதும், அதை நம்பி அப்படியே மாட்டிக்கிட்டுக் கிளம்புறதும் இருக்கே, அந்தப் பழக்கத்தை இன்ஜினியரிங் படிக்கிற நாமளாவது நிறுத்தணும். ஹேண்டில்பாரைத் தூக்கினதால எட்டாமப் போற ஒவ்வொரு கேபிளும், ஹோஸும், வயரும் ரைசரோட விலையில சேர்த்திதான். அந்த மொத்த விலையைக் கொடுக்கத் தயார்னா போடுங்க. இல்லன்னா வேண்டாம்.

வலி எங்கேன்னு முதல்ல கண்டுபிடிங்க

எதுக்கு ரைசர்னு கேட்டா முதல்ல வர்ற பதில், "முதுகு வலிக்குது". சரி, எந்த இடத்துல?

பைக்ல உங்க உடம்பு மூணு இடத்தைத் தொடுது: சீட், ஃபுட்ரெஸ்ட், ஹேண்டில்பார். இந்த மூணு புள்ளியையும் சேர்த்தா வர்ற முக்கோணம்தான் நீங்க எப்படி உட்காருறீங்கன்னு முடிவு பண்ணுது. ரைசர் அதுல ஒரே ஒரு புள்ளியைத்தான் நகர்த்தும். உங்க வலி அந்தப் புள்ளியால வந்திருந்தா தீரும். வேற புள்ளியால வந்திருந்தா, வலி இடம் மாறும், அவ்வளவுதான்.

உள்ளங்கை மரத்துப் போகுதா? மணிக்கட்டு வலிக்குதா? கையை முழுசா நீட்டினாத்தான் ஹேண்டில்பார் எட்டுதா? அப்போ உடம்போட எடை தேவைக்கு மேல கையில விழுது. இதுக்கு ரைசர் உதவும். அதே மாதிரி, கரடுமுரடான பாதையில ஃபுட்ரெஸ்ட் மேல நின்னுக்கிட்டே ஓட்டுறவங்களுக்கும் உதவும். நிக்கும்போது ஹேண்டில்பார் தாழ்வா இருந்தா குனிஞ்சே போகணும், கொஞ்ச நேரத்துலயே இடுப்பு கேட்டுடும். ஹீரோ கம்பெனி எக்ஸ்பல்ஸ் 200-க்கு வெளியிட்ட ரேலி கிட்டுல ஹேண்டில்பார் ரைசரும் இருந்துச்சு. அங்க அதுக்கு ஒரு வேலை இருக்கு.

ஆனா வலி வால் எலும்புகிட்டயோ கீழ் இடுப்புலயோ இருந்தா யோசிங்க. ரைசர் போட்டா நீங்க இன்னும் நிமிர்ந்து உட்காருவீங்க. கையில இருந்த எடையில ஒரு பங்கு சீட்டுக்குப் போகும். நிமிர்ந்த முதுகெலும்பு, ஸ்பீடு பிரேக்கர்ல விழுற ஒவ்வொரு அடியையும் நேரா வாங்கும். அப்புறம் காத்து. காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துல ஏறும்னு ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல படிச்சிருக்கோம். 60-லிருந்து 90-க்குப் போனா அது 2.25 மடங்கு. ஈசிஆர்ல நெஞ்சை நிமிர்த்தி 90-ல போறவரைக் காத்து பின்னால தள்ளும், அவர் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடிப்பாரு, போன வலி தோள்பட்டை வழியா திரும்பி வந்துடும்.

அதனால காசு செலவில்லாத வேலைகளை முதல்ல செஞ்சு பாருங்க. கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்தி ஹேண்டில்பாரை உங்க பக்கமா ஒரு சில டிகிரி உருட்டிப் பாருங்க. வளைஞ்ச பார்னா அதுலயே பிடி கொஞ்சம் கிட்ட வந்துடும். பிரேக், கிளட்ச் லீவரோட கோணத்தைச் சரி பண்ணுங்க. உட்கார்ந்து விரலை லீவர் மேல வெச்சா முழங்கை, மணிக்கட்டு, விரல் மூணும் ஒரே நேர்கோட்டுல இருக்கணும். மணிக்கட்டு மேல் பக்கமா மடங்கினா வலிக்கத்தான் செய்யும். டயர் காத்தும் பின் சஸ்பென்ஷன் ப்ரீலோடும் உங்க எடைக்குச் சரியா இருக்கான்னு பாருங்க. கடைசியா, முதுகுல தொங்குற பையைக் கழட்டிப் பின் சீட்டுல கட்டுங்க. லேப்டாப், சார்ஜர், ரெக்கார்டு நோட்டு, தண்ணி பாட்டில், டிபன் பாக்ஸ்னு ஒரு மூட்டையைத் தோள்ல மாட்டிக்கிட்டு தினமும் ஒரு மணி நேரம் ஓட்டிட்டு, ஹேண்டில்பாரைக் குறை சொல்றது நியாயமே இல்ல.

ஒரு வாரம் இப்படி ஓட்டுங்க. அப்பவும் கை எட்டலன்னா உங்களுக்கு ரைசர் தேவைதான்.

30 மில்லிமீட்டர் ரைசர் எங்க தூக்குது?

"நேரா 30 மில்லிமீட்டர் மேல தூக்கும்"னு பெட்டியில போட்டிருக்கும். நேரான்னா எதுக்கு நேரா? பைக்கோட முன் ஃபோர்க் செங்குத்தா இருக்காது, பின்பக்கமா சாஞ்சிருக்கும். கிளாம்ப் உட்கார்ந்திருக்கிற மேல்தட்டும் அந்தச் சாய்வுக்குச் செங்குத்தாதான் பெரும்பாலான பைக்குகள்ல இருக்கும். அப்போ ரைசர் தூக்குறது ஃபோர்க்கோட கோட்டுலதான். சாய்வு 25 டிகிரின்னு வெச்சுக்குவோம். 30 பெருக்கல் காஸ் 25, அதாவது 27 மில்லிமீட்டர் மேல போகும். 30 பெருக்கல் சைன் 25, கிட்டத்தட்ட 13 மில்லிமீட்டர் உங்க பக்கமா வரும்.

இந்த 13 மில்லிமீட்டர் பலருக்கு வரம். நிறைய பேருக்குத் தேவைப்பட்டதே உயரம் இல்ல, கிட்ட வர்றதுதான். ஆனா ஹேண்டிலை முழுசா ஒடிக்கும்போது பிடியும் அதே அளவு டேங்க்கு நெருக்கமா வரும். பின்பக்கம் தள்ளிக் கொடுக்கிற ரைசரா இருந்தா இன்னும் நெருங்கும். சுவிட்ச் பெட்டி டேங்க்ல இடிக்குதா, கட்டைவிரல் நடுவுல மாட்டுதான்னு பாக்காம ரோட்டுக்குப் போகக் கூடாது. ஃபேரிங் இருக்கிற பைக்குன்னா முன்னால லீவர் முனை இடிக்குதான்னும் பாக்கணும்.

இன்னொண்ணு. இதெல்லாம் ஒரே குழாயா இருக்கிற ஹேண்டில்பாருக்குத்தான். ஆர்15 மாதிரி ஃபோர்க்லயே ரெண்டு தனித்தனி பிடியா வர்ற கிளிப்-ஆன் பைக்குகளோட கதை வேற. அங்க இந்தத் துண்டுக்கு வேலையே இல்ல. குழாயிலயும் ஒரே அளவு கிடையாது. பிடிக்கிற இடத்துல 22 மில்லிமீட்டர் இருக்கிற பாரும் உண்டு, நடுவுல தடிச்சு 28.6 மில்லிமீட்டர் இருக்கிற பாரும் உண்டு. இதெல்லாம் இருக்கும்போது பெட்டி மேல "யுனிவர்சல்"னு அச்சடிச்சிருந்தா அதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களே முடிவு பண்ணுங்க.

ஹேண்டிலை முழுசா ஒடிச்சுப் பாருங்க

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். ஹேண்டில்பாருக்கு நாலு விதமான இணைப்பு போகுது: ஆக்சிலேட்டர் கேபிள், கிளட்ச் கேபிள், முன் பிரேக் ஹோஸ், சுவிட்சுகளோட வயரிங். இதெல்லாம் ஸ்டாக் உயரத்துக்குன்னு அளந்து வெட்டினது. கொஞ்சம் தளர்வு விட்டிருப்பாங்க. அந்தத் தளர்வு ஒவ்வொரு பைக்குலயும் ஒவ்வொரு மாதிரி. ரைசர் அந்தத் தளர்வைத் தின்னுது.

ஹேண்டில் நேரா இருக்கும்போது எதுவும் தெரியாது. எல்லாம் சரியாப் பொருந்தின மாதிரிதான் இருக்கும். மாட்டிக் காட்டுற வீடியோவும் பெரும்பாலும் அந்த இடத்துலயே முடிஞ்சிடும். இழுபடுறது ஹேண்டிலை ஒரு ஓரத்துக்கு முழுசா ஒடிக்கும்போதுதான்.

ஆக்சிலேட்டர் கேபிளை எடுத்துக்குவோம். அதோட வெளி உறை இழுபட்டா, உள்ள இருக்கிற கம்பி நீங்க திருகாமலே இழுபடும். இன்ஜின் தானா ஏறும். இது எப்போ நடக்கும்? நம்ம ஊர்ல இடது பக்கம் ஓட்டுறோம். யூ டர்ன் எடுக்கணும்னா ஹேண்டிலை வலது பக்கம் முழுசா ஒடிக்கணும். வேகம் குறைவு, பைக் சாஞ்சிருக்கு, ஒரு கால் தரையைத் தேடுது, எதிர்ல பஸ் வருது. அந்த நேரத்துல பைக் தானா முன்னால பாஞ்சா எங்க போய் முட்டும்னு நான் சொல்லத் தேவையில்ல.

கிளட்ச் கேபிள் இழுபட்டா, லீவரைப் பிடிக்காமலே கிளட்ச் பாதி அமுங்கின மாதிரி ஆகும். திருப்பத்துல இழுவை போகும், பிளேட் தேயும், கேபிள் முனையில இழை இழையா அறுந்துக்கிட்டே வந்து ஒரு நாள் சிக்னல்ல பட்டுன்னு போகும்.

பிரேக் ஹோஸ் இன்னும் மோசம், ஏன்னா அது உடனே எதுவும் காட்டாது. மாஸ்டர் சிலிண்டர்கிட்ட இருக்கிற பாஞ்சோ முனையில ஹோஸ் முறுகி, வளைஞ்சு, திரும்பத் திரும்ப இழுபட்டு மெதுவா வெடிப்பு விடும். 2019 ஏப்ரல் 1 முதல் 125 சிசிக்கு மேல இருக்கிற புது பைக்குகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அந்த பைக்குகள்ல மாஸ்டர் சிலிண்டர்ல இருந்து வர்ற ஹோஸ் முதல்ல ஏபிஎஸ் யூனிட்டுக்குப் போய், அங்கிருந்துதான் காலிப்பருக்கு இறங்கும். அதனால "நீளமான ஹோஸ் ஒண்ணு மாட்டிக்கலாம்"ங்கிறது சொல்றதுக்குச் சுலபம். எந்த ஹோஸ், எந்த முனை, என்ன கோணம்னு சரியாத் தெரியணும். மாத்தினா பிரேக் ஃப்ளூயிடை இறக்கி, புதுசா ஊத்தி, காத்து போற வரைக்கும் ப்ளீட் பண்ணணும். அரைகுறையா ப்ளீட் பண்ணினா லீவர் பஞ்சு மாதிரி அமுங்கும்.

வயரிங்ல உறை நல்லாவே இருக்கும், உள்ள செம்பு இழை அறுந்திருக்கும். ஹாரன் அடிச்சா அடிக்கும், அடிக்கலன்னா அடிக்காது. கேடிஎம் 390 ட்யூக், ஹிமாலயன் 450 மாதிரி ரைடு பை வயர் பைக்குகள்ல ஆக்சிலேட்டர் கேபிளே கிடையாது, அதுக்குப் பதிலா மின் வயர்தான் போகுது. அங்க கேபிள் கவலை இல்ல, ஆனா வயர் கவலை ரெண்டு மடங்கு.

இதையெல்லாம் சோதிக்க லேப் வேண்டாம். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஒரு ஆள் பின்னால அழுத்தி, முன் வீல் தரையைத் தொடாம நிக்கணும். அப்போதான் ஃபோர்க் முழுசா நீண்டிருக்கும். நியூட்ரல்ல இன்ஜினை ஐடில்ல ஓட விடுங்க. ஹேண்டிலை இடது ஓரம் வரைக்கும், அப்புறம் வலது ஓரம் வரைக்கும் மெதுவா திருப்புங்க. சத்தம் கொஞ்சம் ஏறினாக்கூட அது தோல்வி. ரெண்டு ஓரத்துலயும் கிளட்ச் லீவரோட ஃப்ரீ பிளே நேரா இருக்கும்போது இருந்த அதே அளவு இருக்கணும். ரெண்டு ஓரத்துலயும் பிரேக் ஹோஸை விரலால அசைச்சுப் பாருங்க. கம்பி மாதிரி விறைச்சிருந்தா அதுவும் தோல்வி.

தோத்தா ரெண்டு வழி இருக்கு. கேபிள் போற பாதையை மாத்தித் தளர்வு எடுக்க முடியுமான்னு பாருங்க. ஒரு கிளிப்பைக் கழட்டினாலே சில பைக்குகள்ல தேவையான இடம் கிடைச்சிடும். முடியலன்னா நீளமான கேபிள் வாங்குங்க, இல்லன்னா குறைஞ்ச உயர ரைசருக்கு இறங்கி வாங்க. "பரவாயில்ல, அவ்வளவு ஒடிக்க மாட்டேன்"ங்கிறதை மூணாவது வழியா நான் ஏத்துக்க மாட்டேன்.

டேட்டா புக்கைத் திறக்க வேண்டிய இடம்

அடுத்தது போல்ட். பார்ல நீங்க கொடுக்கிற விசை ரைசர் வழியாத்தான் மேல்தட்டுக்குப் போகுது. பிரேக் பிடிக்கும்போது ரெண்டு கையும் சேர்ந்து 300 நியூட்டன் தள்ளுதுன்னு கணக்குக்கு வெச்சுக்குவோம். ஸ்டாக்ல பார் மேல்தட்டுலிருந்து 40 மில்லிமீட்டர் உயரத்துல இருந்தா, அடியில வளைக்கிற திருப்புத்திறன் 12 நியூட்டன் மீட்டர். 30 மில்லிமீட்டர் ரைசர் வெச்சா உயரம் 70 ஆகும், திருப்புத்திறன் 21. அதாவது 75 சதவீதம் கூடுது. கிளாம்ப்புக்கு அடியில ரப்பர் புஷ் இருக்கிற பைக்குகள்ல இந்த வித்தியாசம் கைக்கே தெரியும். பிரேக் பிடிச்சா பார் லேசா முன்னால சாயும்.

உடைஞ்சிடும்னு பயமுறுத்த இதைச் சொல்லல. நல்ல போல்ட்டும் நல்ல உலோகமும் இதைத் தாராளமாத் தாங்கும். அது நல்ல போல்ட்டா, நல்ல உலோகமாங்கிறதுதான் கேள்வி. எம்8 ஸ்டீல் போல்ட் அலுமினியத்துல பிடிக்கணும்னா, குறைஞ்சது விட்டத்துல ஒன்றரை மடங்கு, அதாவது 12 மில்லிமீட்டர் மரை உள்ள இறங்கணும். பழைய போல்ட்டையே வெச்சுச் சமாளிச்சா ஆறேழு மில்லிமீட்டர்தான் பிடிக்கும். இன்னிக்கு இறுகும், ஒரு நாள் மரையோட கையில வரும். நேர்மாறாவும் ஒரு சிக்கல் உண்டு. போல்ட் ரொம்ப நீளமா இருந்தா மூடின துளையோட அடியில முட்டி நிக்கும். ஆலன் கீக்கு இறுகின மாதிரியே இருக்கும், ஆனா கிளாம்ப் பாரைப் பிடிச்சே இருக்காது. போல்ட்டைத் தனியாத் திருகி எத்தனை சுத்து போகுதுன்னு எண்ணிப் பாருங்க. எம்8-க்கு வழக்கமான பிட்ச் 1.25 மில்லிமீட்டர், பத்து சுத்துன்னா 12.5 மில்லிமீட்டர். இவ்வளவு சுலபமான கணக்கு.

போல்ட் தலையில 8.8-ன்னு எழுதியிருக்கான்னு பாருங்க. ஒண்ணுமே எழுதாத போல்ட்டை ஹேண்டில்பாருக்குப் போடாதீங்க. உயரம் போதலன்னு வாஷரை அடுக்குறது வேண்டவே வேண்டாம். பெட்டியில "சிஎன்சி"ன்னு இருந்தா அது எப்படிச் செதுக்கினாங்கங்கிற தகவல்தான், என்ன உலோகம்னு அது சொல்லாது. எவ்வளவு இறுக்கணுங்கிறதை உங்க பைக்கோட சர்வீஸ் மேனுவல் சொல்லும். எந்தப் போல்ட்டை முதல்ல இறுக்கணும், இடைவெளி எந்தப் பக்கம் வரணுங்கிறதும் அதுல இருக்கும். டார்க் ரெஞ்ச் எடுத்து அந்த அளவுக்கு இறுக்குங்க. நூறு கிலோமீட்டர் ஓடினதும் திரும்பச் சோதிங்க.

இங்கதான் எனக்கு உண்மையாவே கோபம் வருது. பிஎஸ்ஜி டேட்டா புக்கைத் தூக்கிக்கிட்டு டிசைன் ஆஃப் மெஷின் எலிமெண்ட்ஸ் பரீட்சைக்குப் போறோம், போல்ட் கணக்குக்குப் பக்கம் பக்கமா எழுதுறோம். எஸ்ஏஇ இந்தியா நடத்துற பாஹா போட்டிக்கு வண்டி கட்டுற டீம்ல நம்ம நண்பர்கள் இருக்காங்க. அங்க ஸ்டீயரிங், பிரேக், சஸ்பென்ஷன்ல போடுற போல்ட்டுக்குத் தரம் எவ்வளவு இருக்கணும், நட்டைத் தாண்டி ரெண்டு மரை தெரியணும், தளராம இருக்கப் பூட்டு இருக்கணும்னு விதி உண்டு. தொழில்நுட்பச் சோதனையில ஒரு போல்ட் தப்பா இருந்தாலும் வண்டியைக் களத்துக்குள்ள விட மாட்டாங்க. அதுக்காக ராத்திரி முழுக்க ஒர்க்‌ஷாப்ல கண் விழிக்கிறோம். விடிஞ்சதும் வாஷர் அடுக்கின நம்ம பைக்கை எடுத்துக்கிட்டு ஜிஎஸ்டி ரோட்டுல வீட்டுக்குப் போறோம். பாஹா வண்டியில நாலு பக்கமும் ரோல் கேஜ், சீட் பெல்ட், தள்ளி நிக்கிற கூட்டம். ரோட்டுல பக்கத்துல லாரி. விதி எங்க அதிகம் தேவை?

சட்டம் என்ன சொல்லுது

மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-ஆம் பிரிவு வாகனத்தை மாத்துறதைக் கட்டுப்படுத்துது. தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணா, பதிவுச் சான்றிதழ்ல இருக்கிற விவரங்கள் மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம் உறுதியாச் சொல்லியிருக்கு. அதே வருஷம் வந்த திருத்தச் சட்டத்துல 182ஏ பிரிவு சேர்ந்துச்சு. அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாசம் வரைக்கும் சிறை, இல்லன்னா ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், இல்லன்னா ரெண்டுமே.

ஹேண்டில்பார் உயரம் ஆர்சி புக்ல எழுதியிருக்காது. அதனால ரைசரைச் சைலன்சர் மாத்துறதோட ஒரே தட்டுல வெக்க முடியாதுன்னு வாதாடலாம். ஆனா அந்த வாதத்தை ரோட்டோரத்துல ஒரு எஸ்ஐகிட்டயோ, விபத்துக்கப்புறம் இன்சூரன்ஸ் சர்வேயர்கிட்டயோ பேச வேண்டி வரும். சொல்லாம செஞ்ச மாற்றம் கிளெய்மைக் கேள்வி கேக்க ஒரு காரணம் ஆகும். உங்க பைக் கம்பெனியே ரைசரைத் துணைப்பொருளா வித்தா கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்குங்க. அது உங்க மாடலோட கேபிள் நீளத்தைப் பார்த்துச் செஞ்சது, பில்லும் கையில இருக்கும்.

"எத்தனை பேர் போட்டிருக்காங்க!"

நான் பேசின ஒவ்வொருத்தரும் சொல்ற எதிர்வாதம் இது. "எத்தனை பேர் போட்டு லடாக் வரைக்கும் போயிட்டு வந்திருக்காங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல." இதுல உண்மை இருக்கு. உயரம் குறைஞ்ச ரைசர் பல பைக்குகள்ல ஸ்டாக் கேபிளோடயே எந்தத் தொந்தரவும் இல்லாம உட்காரும். ஆனா அவரோட மாடல், அவரோட ரைசர் உயரம், அவர் கேபிளை எந்த வழியா விட்டாருங்கிறதெல்லாம் உங்களோடது இல்ல. ஒரே மாடல்லயே ஏபிஎஸ் வந்ததுக்கு முன்னால ஒரு ஹோஸ் பாதை, பின்னால வேற பாதை. அவர் பைக்ல தேறினது உங்க பைக்கோட சோதனை முடிவு ஆகாது. நம்ம சோதனைக்கு ஆகுற நேரம் அஞ்சு நிமிஷம்.

இன்னொரு எதிர்வாதம்: "மெக்கானிக் அண்ணன் பார்த்துக்குவாரு." நல்ல மெக்கானிக் கண்டிப்பா பார்ப்பாரு. ஆனா நீங்க ஆன்லைன்ல வாங்கின ரைசரைக் கையில கொடுத்து, "அண்ணே, க்ளாஸுக்கு டைம் ஆச்சு, சீக்கிரம்"னு நின்னா அவர் என்னத்தைப் பார்ப்பாரு? வண்டியை விட்டுட்டுப் போங்க. "ஹேண்டிலை முழுசா ஒடிச்சுக் காட்டுங்கண்ணே"ன்னு கேளுங்க. கேக்கிறதுல ஒண்ணும் தப்பில்ல. சொல்லப்போனா, அவரே சந்தோஷப்படுவாரு.

ஒரு பைக், நாலு பேர்

நான் இதை இவ்வளவு நீளமா எழுதக் காரணம் ஒண்ணு இருக்கு. ஹாஸ்டல்ல ஒரு பைக்னா அது ஒருத்தர் ஓட்டுற பைக் கிடையாது. "மச்சி, சாவி கொடு, மெஸ் மூடிட்டாங்க, பரோட்டா வாங்கிட்டு வந்துடுறேன்"னு ஒருத்தன். அம்மாவை பஸ் ஸ்டாண்ட்ல விட ஒருத்தன். ஃபைனல் இயர் முடிஞ்சதும் அதே பைக்கை ஜூனியர் வாங்குவான்.

உங்க பைக் வலது ஓரத்துல கொஞ்சம் ஏறும்னு உங்களுக்குத் தெரியும். ஓட்டி ஓட்டிப் பழகி, அந்த இடத்துல கை தானா கிளட்சைப் பிடிக்கும். சாவி வாங்கினவனுக்கு அது தெரியாது. பின்னால உட்கார்ந்திருக்கிறவங்களுக்குச் சுத்தமாத் தெரியாது. தன் உடம்புக்குத் தானே ஏத்துக்கிட்ட ஆபத்துன்னு இதைச் சொல்ல முடியாது. அதனாலதான் "என் பைக், என் காசு, என் இஷ்டம்"ங்கிற பேச்சு எனக்கு ஒத்துவரல.

நம்ம காலேஜ்கிட்டயும் ஒரு கோரிக்கை. மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் ஒர்க்‌ஷாப்ல டார்க் ரெஞ்ச் இருக்கு, ஸ்டாண்ட் இருக்கு, ப்ளீட் பண்ணத் தெரிஞ்ச லேப் டெக்னீஷியன் அண்ணனும் இருக்காரு. மாசத்துல ஒரு சனிக்கிழமை ரெண்டு மணி நேரம் திறந்து விடுங்க. மாத்திக் கொடுக்க வேண்டாம், சோதிச்சுச் சொன்னாப் போதும். பாஹா டீம் பசங்க சோதனை பண்ணட்டும், அவங்களுக்கும் பயிற்சி. "மாடிஃபை பண்ணாதே"ன்னு நோட்டீஸ் போர்டுல ஒட்டுறதை விட இது நிறைய பேரைக் காப்பாத்தும்னு நான் நம்புறேன். தடை போட்டா பசங்க கேட்டுக்கு வெளியில மாட்டுவாங்க, அங்க டார்க் ரெஞ்ச் இருக்காது.

அதுவரைக்கும் நம்ம கையில இருக்கிறதைச் செய்வோம். ஏற்கனவே ரைசர் போட்டிருக்கிறவங்க இன்னிக்குச் சாயங்காலம் கிளம்புறதுக்கு முன்னால ஒரு நண்பனைக் கூப்பிடுங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினை ஐடில்ல விட்டு, ஹேண்டிலை ரெண்டு ஓரமும் திருப்பிப் பாருங்க. சத்தம் மாறாம, கிளட்ச் மாறாம, ஹோஸ் விறைக்காம இருந்தா நிம்மதியா ஓட்டுங்க, வாழ்த்துகள். எதாவது ஒண்ணு மாறுச்சுன்னா பைக்கை அங்கயே நிறுத்திட்டு பஸ்ல போங்க. சாவியை யார் கேட்டாலும், சரி பண்ற வரைக்கும் கொடுக்காதீங்க.